திம்பம் வழியாகக் கோவைக்கு: சாலையில் யானையும் காட்டுமாடும் நிற்கும்போது

"தீபாவளிக்குப் பெங்களூரில் இருந்து கோவைக்குக் காரில் போகிறோம். கனகபுரா, கொள்ளேகால், சாம்ராஜ்நகர், திம்பம் வழி. மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா உடன் வருகிறார்கள். யானை குறுக்கே நின்றால் என்ன செய்வது? ஹார்ன் அடிக்கலாமா? புதிதாக வாங்கியது பெரிய வண்டி, மானோ பன்றியோ மோதினாலும் தாங்கும்தானே?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

கடைசிக் கேள்வியில் இருந்து தொடங்குகிறேன். மூன்றில் அதுதான் என்னைக் கலங்க வைத்தது. பெங்களூரில் இருபத்திரண்டு ஆண்டுகள் காப்பீட்டு சர்வேயராக வேலை பார்த்தவன் நான். அடிபட்ட காரைப் பார்த்து, எது எப்படி உடைந்தது, செலவு எவ்வளவு என்று எழுதிக் கொடுப்பது என் தொழில். லாரியின் பின்னால் சொருகியவை, டிவைடரில் ஏறியவை என்று வரும் வண்டிகளுக்கு நடுவே கொள்ளேகால், குண்டல்பேட்டை, ஓசூர்ப் பக்கங்களில் இருந்து விலங்கு மோதிய வண்டிகளும் வரும். அவற்றைப் பார்த்த அன்று மதியம் எனக்குச் சாப்பாடு இறங்காது.

மைசூரு சாலையில் ஒரு பணிமனையில் பார்த்த காரைச் சொல்கிறேன். உங்கள் வண்டி போல உயரமானதுதான். முன்னால் நின்று பார்த்தபோது சிறிய விபத்து என்றே நினைத்தேன். பம்பரில் ஒரு விரிசல். கிரில் உடைந்திருந்தது. நம்பர் பிளேட்டின் திருகில் பழுப்பு நிற மயிர்க் கற்றை ஒன்று சிக்கியிருந்தது. பானட்டின் நடுவே ஒரு பள்ளம். அங்கிருந்து கண்ணை உயர்த்தினால் முன்கண்ணாடி இருந்த இடத்தில் கண்ணாடியே இல்லை. ஓட்டுநர் பக்கத்தில் கண்ணாடியைத் தாங்கும் பில்லர் ஸ்டியரிங்குக்கு மேலே வரை மடங்கிக் கிடந்தது. டாப் தகரம் பின் சீட் வரைக்கும் சுருங்கியிருந்தது. ஏர்பேக் ஒன்றுகூட விரியவில்லை. மோதியது ஓர் ஆண் கடமான். ஓட்டியவர் உயிர் பிழைத்தார், ஒரு கண் போய்விட்டது.

இது ஏன் இப்படி ஆகிறது என்று புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். கார் மோதுவது இன்னொரு காருடனோ சுவருடனோ என்று எண்ணித்தான் அதன் முன்பகுதியை வடிவமைத்திருக்கிறார்கள். பம்பரும் அதன் பின்னால் உள்ள இரும்புச் சட்டமும் நசுங்கி அடியை வாங்கிக்கொள்ளும். கடமானுக்கோ காட்டுமாட்டுக்கோ அந்த உயரத்தில் இருப்பது கால்கள் மட்டும். உடலின் எடை முழுவதும் பானட்டுக்கு மேலே இருக்கிறது. கார் கால்களை வாரிவிடும். உடல் அப்படியே பானட்டின் மேல் சரிந்து கண்ணாடிக்கு வரும். பம்பரில் பட்ட அடி சிறியது என்பதால் ஏர்பேக்கின் உணரி அதை விபத்தாகவே எடுத்துக்கொள்ளாமல் போகலாம். நன்கு வளர்ந்த ஆண் கடமான் இருநூறு கிலோவைத் தாண்டும். ஆண் காட்டுமாடு ஒரு டன்னை நெருங்கும். உங்கள் முகத்துக்கும் அந்த எடைக்கும் இடையே இருப்பது ஒரு கண்ணாடியும் விரல் தடிமன் மடித்த தகரமும்தான். சுவீடனில் மூஸ் என்னும் பெரிய மான் இப்படித்தான் மனிதர்களைக் கொல்கிறது என்பதால், அங்கே கார் செய்பவர்கள் கண்ணாடியைச் சுற்றிய பில்லர்களைத் தனியாக வலுப்படுத்தினார்கள். நம் ஊரில் அப்படி எண்ணிச் செய்த வண்டி எதையும் நான் பார்த்ததில்லை.

(காட்டெருமை என்று நாம் எல்லோரும் சொல்லும் விலங்கு எருமை இனமே அல்ல, மாட்டினம். அதனால் காட்டுமாடு என்றே எழுதுகிறேன்.)

காட்டுப்பன்றியின் கதை வேறு. அது தாழ்வானது, கெட்டியானது. பம்பருக்கு அடியில் புகுந்து ரேடியேட்டரைக் கிழிக்கும், முன்சக்கரத்துக்குள் சிக்கி வண்டியைத் தூக்கிப் போடும். உயரமான வண்டிகள் கவிழ்வதை இதில்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஆகவே, பெரிய வண்டி தாங்குமா என்றால், வண்டி தாங்காது. வேகம் குறைவாக இருந்தால் எல்லா வண்டியும் தாங்கும்.

எவ்வளவு குறைவு? கணக்கைப் பாருங்கள். மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் கார் ஒரு நொடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. இருட்டில் ஏதோ நிற்கிறது என்று கண் கண்டு, மூளை உணர்ந்து, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை நொடி என்று வையுங்கள். அதற்குள் 33 மீட்டர் போய்விடும். காய்ந்த தார்ச்சாலையில் வண்டி நிற்க இன்னும் 35 மீட்டராவது வேண்டும். ஆகமொத்தம் 70 மீட்டருக்கு அருகில். டிம் லைட்டில் ஒரு கறுத்த உடல் உங்கள் கண்ணுக்குத் தெரிவது 40, 50 மீட்டரில்தான். அதாவது 80-இல் போகிறவர் விலங்கைக் காணும் முன்பே அதன் மீது மோதுவது முடிவாகிவிட்டது. அவர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் சரி. அதே இடத்தில் 40-இல் வந்தால் 26 மீட்டரில் வண்டி நின்றுவிடும். அதையும் மீறி மோதினாலும், வேகம் பாதியானால் மோதலின் சக்தி கால்வாசியாகிறது. நான் பார்த்த வண்டிகளில் டாப் பிழைத்தவை எல்லாம் இந்த வேகத்தில் வந்தவை.

கண்ணுக்குத் தெரிவது என்றேன். அதிலும் ஒரு பாடம் இருக்கிறது. புள்ளிமானின் கண் ஹெட்லைட்டில் விளக்குப் போல மின்னும், அதனால் தூரத்திலேயே தெரிந்துவிடும். காட்டுமாட்டின் உடல் கன்னங்கறுப்பு. முழங்காலுக்குக் கீழே மட்டும் வெள்ளைக் காலுறை போட்டது போல இருக்கும். டிம் லைட்டில் முதலில் தெரிவது அந்த நான்கு வெள்ளைக் குச்சிகள்தான். சாலையோரக் கல் என்று நினைத்து வந்த வேகத்திலேயே நெருங்கியவர்கள் உண்டு. யானை இன்னும் மோசம். தூசும் சேறும் பூசிய சாம்பல் உடம்பு வெளிச்சத்தைத் திருப்பித் தராது. அதன் கண் சிறியது, உங்கள் விளக்கு எட்டாத உயரத்தில் தலையின் பக்கவாட்டில் இருக்கிறது. மழைத் தூறலில் யானையைச் சாலையின் நிழல் என்று நினைத்ததாக என்னிடம் சொன்னவர்கள் குடித்துவிட்டு ஓட்டியவர்கள் அல்லர், பொய் சொன்னவர்களும் அல்லர்.

இன்னொன்று. ஒரு மான் தாண்டிவிட்டால் பிரேக்கில் இருந்து காலை எடுத்துவிடுகிறோம். பெரும்பாலும் அடிபடுவது இரண்டாவது மானும் மூன்றாவது மானும்தான். ஒன்று போனால் பின்னால் கூட்டம் வருகிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். கன்று தாண்டினால் தாய் இந்தப் பக்கம் நிற்கிறது, தாய் தாண்டினால் கன்று நிற்கிறது. திடீரென்று குறுக்கே பாய்ந்தால் நேராகவே அழுத்திப் பிரேக் பிடியுங்கள். ஸ்டியரிங்கை ஒடித்துத் திருப்ப வேண்டாம். மானைத் தவிர்த்து மரத்திலும் எதிர் லாரியிலும் மோதியவர்களின் கோப்புகள்தான் என் மேசையில் மிகவும் கனமானவை.

இப்போது யானை. ஹார்ன் அடிக்கலாமா என்று கேட்டீர்கள். கூடாது. விளக்கை மினுக்கவும் கூடாது, இன்ஜினை உறும விடவும் கூடாது. யானை சாலையில் நிற்பதைக் கண்ட இடத்திலேயே நில்லுங்கள். அருகே போய்ப் பார்க்கலாம் என்ற எண்ணமே வர வேண்டாம். இன்ஜின் ஓடட்டும், கண்ணாடிகளை ஏற்றிவிடுங்கள், பிள்ளைகளின் பாட்டை நிறுத்துங்கள். பின்னால் வண்டி ஒட்டி நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ரிவர்ஸ் எடுக்க இடம் வேண்டும். பெண் யானைகள் கன்றோடு இருந்தால் யானைக்கும் உங்களுக்கும் நடுவே உள்ள தூரத்தை இன்னும் இரட்டிப்பாக்குங்கள். கண்ணுக்கும் காதுக்கும் நடுவே நீர் ஒழுகிக் கன்னத்தில் கறுத்த கோடு இறங்கியிருந்தால் அது மதம் பிடித்த ஆண் யானை. அப்போது காத்திருக்கவே வேண்டாம், மெல்லப் பின்வாங்கிப் போய்விடுங்கள். தந்தம் இல்லை, பெண் யானைதான் என்று தைரியம் கொள்ளாதீர்கள். தந்தம் இல்லாத ஆண்களான மக்னாக்கள் இந்தக் காடுகளில் உண்டு.

காதை விரித்துத் தலையைத் தூக்கிச் சத்தத்தோடு சில அடி ஓடிவந்து நின்றால் அது மிரட்டல். காதை ஒட்டி, துதிக்கையை உள்ளே சுருட்டிக்கொண்டு சத்தமில்லாமல் வந்தால் அது நிஜம் என்பார்கள். பெரும்பாலும் உண்மைதான். ஆனால் மிரட்டல் என்று நினைத்து நின்றுவிட்டால், அது நிஜமாக மாற ஒரு நொடி போதும். ஓடும் ஆசிய யானையின் வேகத்தை ஆய்வாளர்கள் மணிக்கு 25 கி.மீ. வரை அளந்திருக்கிறார்கள். கொண்டை ஊசி வளைவில் உங்களால் ரிவர்ஸில் அந்த வேகம் போக முடியாது. தூரம்தான் உங்கள் கையில் இருக்கும் ஒரே ஆயுதம்.

ஒருமுறை மாலை நான்கு மணிக்கு ஆசனூரைத் தாண்டிக் கர்நாடகப் பக்கம் போய்க்கொண்டிருந்தேன். எனக்கு முன்னால் அரசுப் பேருந்து ஒன்று நின்றுவிட்டது. ஓட்டுநர் ஜன்னல் வழியாகக் கையை வெளியே நீட்டி, உள்ளங்கையைப் பின்னோக்கி மெல்லத் தள்ளிக் காட்டினார்: பின்னால் போ, பின்னால் போ. பேருந்தையும் இருபது அடி பின்னால் எடுத்தார். பிறகு இன்ஜினை அணைக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். சாலையோரத்தில் புதர் வெட்டிய பகுதியில் புதுப்புல் முளைத்திருந்தது. ஒரு பெண் யானை அதை வேரோடு பிடுங்கி, முன்காலில் தட்டி மண்ணை உதிர்த்து, நிதானமாக வாயில் போட்டுக்கொண்டிருந்தது. நாற்பது நிமிடம். பேருந்தில் இருந்து ஒரு குரல் வரவில்லை. எனக்குப் பின்னால் வந்த கார்க்காரர் ஒருவர் ஹார்னில் கை வைத்தார். நடத்துநர் பின் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி அவரைப் பார்த்த பார்வையில் கையை எடுத்துவிட்டார். நாற்பதாவது நிமிடம் எங்கள் இடதுபக்கப் புதரில் இருந்து, நாங்கள் யாரும் அதுவரை கண்டிராத ஒரு குட்டி வெளியே வந்தது. பேருந்து முதலில் நின்ற இடத்தின் வழியாகவே சாலையைக் கடந்து தாயிடம் போனது. அந்த ஓட்டுநருக்குக் குட்டி இருப்பது தெரிந்திருந்ததா என்று நான் பிறகு கேட்டேன். தெரியாது, ஆனால் தாய் அடிக்கடி இந்தப் பக்கம் பார்த்தது என்றார். அந்தச் சாலையில் தினமும் போகிறவர்களின் கண் அப்படி. அவர்கள் நின்றால் நீங்களும் நில்லுங்கள், முந்திக்கொண்டு போகாதீர்கள்.

தமிழக எல்லையில் உள்ள காராப்பள்ளம் சோதனைச்சாவடிப் பக்கம் ஒரு தனிச் சிக்கல் உண்டு. தாளவாடி, சாம்ராஜ்நகர்ப் பக்கம் இருந்து கரும்பு லாரிகள் இந்த வழியில்தான் சத்தியமங்கலத்துக்கு இறங்குகின்றன. அளவுக்கு மேல் ஏற்றிய கரும்பைச் சாவடியில் பிடித்துவிடுவார்கள் என்று பயந்து ஓரத்தில் வீசிவிட்டுப் போவார்கள். யானைகள் அதற்குப் பழகிவிட்டன. லாரியை மறித்துக் கரும்பை உருவுகின்றன. அளவுக்கு மேல் ஏற்றிய லாரிகள் நுழையாதபடி வனத்துறை உயரத் தடுப்புக்கூட வைத்துப் பார்த்தது. இதில் நீங்கள் செய்யக்கூடாதது, வேடிக்கை பார்க்க இறங்குவதும் வாழைப்பழமோ பிஸ்கட்டோ போடுவதும். மனிதர் கையில் தின்னப் பழகிய யானை அடுத்த காரின் ஜன்னலுக்குள் துதிக்கையை விடும். அந்தக் காரில் இருப்பவருக்கு நீங்கள் யார் என்றுகூடத் தெரியாது. சரணாலயத்துக்குள் விலங்கைச் சீண்டுவது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். படம் எடுக்க இறங்குவதும் அப்படித்தான் முடியும்.

எல்லோரும் சாம்ராஜ்நகரைத் தாண்டி வரும் கர்நாடகத்தின் புளிஞ்சூர் சோதனைச்சாவடியில்தான் காடு தொடங்குகிறது என்று நினைக்கிறார்கள். பெங்களூரின் விளிம்பிலேயே காடு இருக்கிறது. பன்னேர்கட்டாவில் இருந்து தளி, ஜவளகிரி வழியாக ஓசூர்ப் பக்கத்துச் சானமாவுக் காட்டுக்கு ஆண்டுதோறும் ராகி விளையும் காலத்தில் யானைக்கூட்டம் வருகிறது. நடுவே நாம் 100 கி.மீ. வேகத்தில் பறக்கும் பெங்களூரு–கிருஷ்ணகிரி நாற்கரச் சாலை கிடக்கிறது. பேரண்டப்பள்ளி அருகே வனத்துறையினர் இரவில் வண்டிகளை நிறுத்தி யானைகளைக் கடக்கவிடும் செய்தி குளிர்காலத்தில் வராத ஆண்டு இல்லை. கனகபுரா சாலையிலும் சிறுத்தை, பன்றி, மான் மூன்றும் உண்டு. சாலையோரப் பலகையில் யானை படம் இருந்தால் அது அலங்காரத்துக்கு வைத்ததில்லை. அங்கே யானை ஏற்கெனவே கடந்திருக்கிறது.

இரவுத் தடை பற்றி நீங்கள் கேட்கவில்லை. நானே சொல்கிறேன், ஏனென்றால் பெங்களூர்த் தமிழர்கள் நடுவே இதைப் பற்றிய கசப்பு எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை வேலை முடிந்து ஏழு மணிக்குக் கிளம்பி விடிவதற்குள் வீட்டு வாசலில் இறங்க வேண்டும் என்பது நம் எல்லோருடைய ஆசை. பந்திப்பூர் வழியாகச் செல்லும் இரு நெடுஞ்சாலைகளிலும் 2009-இல் இரவு ஒன்பது முதல் காலை ஆறு வரை போக்குவரத்துத் தடை வந்தது. 2010 மார்ச்சில் கர்நாடக உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்தின் பண்ணாரி–காராப்பள்ளம் சாலையில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2022 பிப்ரவரி 10 முதல் தடை அமலுக்கு வந்தது: சிறிய வண்டிகளுக்கு இரவு ஒன்பது முதல் காலை ஆறு வரை, கனரக வண்டிகளுக்கு மாலை ஆறு முதல். மலைக் கிராமத்தாருக்கு அதனால் துன்பம் உண்டு, மருத்துவமனைக்குப் போகும் அவர்களுக்கு வழிவிட வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. நம்மைப் போல் ஊருக்குப் போகிறவர்களுக்கு அந்த ஒன்பது மணி நேரத்தை விட்டுக்கொடுப்பது ஒரு சுமையா? பன்னேர்கட்டாப் பகுதியில் பயிர்களை அழித்ததற்காகப் பிடிக்கப்பட்டு, நாகரஹொளேயின் மத்திகோடு முகாமில் பழக்கப்பட்ட ரங்கா என்ற யானை, 2018 அக்டோபரில் பின்னிரவு நேரத்தில் பெங்களூருக்கு வந்துகொண்டிருந்த பேருந்து மோதிச் செத்தது. அந்தப் பேருந்தில் நம்மில் யார் வேண்டுமானாலும் இருந்திருக்கலாம். அந்தச் செய்தியைப் படித்த நாளில் இருந்து இந்தத் தடையைக் குறைகூறும் பேச்சில் நான் கலந்துகொள்வதில்லை.

ஒருவேளை மோதிவிட்டால் என்ன செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன், இது என் தொழில் அறிந்த பகுதி. விலங்கு கீழே கிடந்தால் இறங்கி அருகே போகாதீர்கள். செத்தது போலக் கிடக்கும் காட்டுமாடு எழுந்தால் முதலில் பார்ப்பது உங்களைத்தான். வண்டி நகருமானால் சற்று தள்ளி ஓரங்கட்டி நாலு பக்க இண்டிகேட்டரையும் போடுங்கள். ஆளுக்கு அடி என்றால் 112. கர்நாடகத்தில் வனத்துறைக்கு 1926. தமிழகப் பக்கம் என்றால் அருகில் உள்ள சோதனைச்சாவடியில் சொல்லுங்கள். சொல்லாமல் ஓடிப்போவதுதான் எல்லாவற்றிலும் மோசம். அடிபட்ட விலங்கு இரவெல்லாம் கிடந்து துடிக்கும். வனத்துறை பிறகு உங்களைக் கண்டுபிடித்தால் வழக்கும் பதியலாம், வண்டியையும் கைப்பற்றலாம்.

பானட்டுக்கு அடியில் இருந்து பச்சையோ சிவப்போ நீர் சொட்டினால் ரேடியேட்டர் கிழிந்துவிட்டது. இன்ஜினை அணையுங்கள், மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். காட்டை விட்டு வெளியேறினால் போதும் என்று பத்து கிலோமீட்டர் ஓட்டி இன்ஜின் பிடித்துப்போன வண்டிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். மோதலில் உடைந்ததற்குக் காப்பீடு பணம் தரும். அதன் பிறகு ஓட்டியதால் இன்ஜின் போனால், அது உங்கள் கவனக்குறைவு என்று தள்ளிவிடுவார்கள். தொகை லட்சங்களில் இருக்கும். உங்கள் பாலிசி மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் என்றால் சொந்த வண்டிக்கு ஒரு ரூபாயும் வராது. கிளம்பும் முன்பே எடுத்துப் பாருங்கள். பிறகு, சர்வேயர் பார்க்கும்வரை வண்டியைக் கழுவாதீர்கள். ஒரு குடும்பம் உயிர்ப்பாவம் ஆயிற்றே என்று அழுது, வீட்டு வாசலிலேயே காரைக் கழுவி மஞ்சள்நீர் தெளித்துவிட்டது. மயிரும் இல்லை, இரத்தமும் இல்லை. மோதியது விலங்குதான் என்று நிறுவ எனக்கு மூன்று நாள் ஆயிற்று. அவர்கள் அழுதது எனக்குப் புரிந்தது. அதனால்தான் கிரில்லைக் கழற்றி உள்ளே ஒட்டியிருந்த இரண்டு மயிரைத் தேடி எடுத்தேன்.

உங்கள் பயணத்துக்கு வருகிறேன். விடிகாலை ஐந்து மணிக்குக் கிளம்புங்கள். ஒன்பதரை மணி அளவில் புளிஞ்சூரைத் தொடுவீர்கள், வெயில் ஏறியிருக்கும். காட்டுக்குள் 40-ஐத் தாண்டாதீர்கள். திம்பத்தின் இருபத்தேழு வளைவுகளில் நாற்பது போவதற்கே இடம் இருக்காது. பிள்ளைகளுக்குச் சிறுநீர் கழிக்க சாம்ராஜ்நகரிலேயே நிறுத்திவிடுங்கள். ஆசனூருக்கு முன்னால் மரத்தடியில் நிறுத்துவது வேண்டாம்.

திரும்பி வரும்போதுதான் எல்லோரும் தவறுகிறார்கள். விருந்து முடிந்து, பலகாரம் கட்டி, விடைபெற்றுக் கிளம்பவே மூன்று மணி ஆகிவிடும். கோவையில் இருந்து பகல் பதினொரு மணிக்குள் கிளம்பினால் வெளிச்சத்திலேயே கர்நாடகம் ஏறிவிடலாம். மலை ஏறும் முன் பண்ணாரி அம்மன் கோயிலில் வண்டிகள் நிற்கும், ஓட்டுநர்கள் கற்பூரம் ஏற்றிவிட்டுத்தான் ஏறுவார்கள். உங்கள் அம்மாவும் இறங்க விரும்புவார். அங்கே நிற்கும்போது மணியைப் பாருங்கள். நான்கைத் தாண்டியிருந்தால் தடை ஒன்பதுக்குத்தானே என்று ஏறாதீர்கள். அந்தி மயங்கும் நேரம்தான் விலங்குகள் தண்ணீருக்கும் புல்லுக்கும் இறங்கும் நேரம். வண்டியைத் திருப்பி கோபி, பவானி, சேலம் வழியாக வாருங்கள். சுற்றுதான், வீடு சேர நள்ளிரவு ஆகும். சூளகிரி தாண்டியதும் சானமாவு வரும்; அங்கே ஓசூர் விளக்குகள் தெரியும்வரை 60-க்கு மேல் போகாதீர்கள்.